லோடு இறங்கும் முன்னே: கட்டட சைட்டில் சப்ளையர் தரத்தைப் பிடிக்கும் வேலைமுறை

சப்ளையர் தரம் என்றதும் பலர் லேப் ரிப்போர்ட்டைத்தான் நினைக்கிறார்கள். அந்த ரிப்போர்ட் கைக்கு வரும்போது எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஸ்லாபுக்குள் போயிருக்கும். மேல் மாடிக்கு சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருப்பார்கள். டிப்பரின் பின்கதவு திறக்கும்வரைதான் வாங்குபவரின் கை ஓங்கியிருக்கும். கொட்டிவிட்டால் அள்ளி ஏற்ற ஜேசிபி வாடகை யார் தருவது, இந்தக் குவியலில் உங்கள் லோடு எது, எங்கள் லோடு எது என்ற பேச்சுதான் மிஞ்சும். ஆகவே கீழே வரும் வேலை பெரும்பாலும் இரண்டே இடத்தில் நடப்பவை: ஆர்டர் தாளிலும் சைட் கேட்டிலும்.

கணக்குக்கு ஒரு சைட்டை எடுத்துக்கொள்வோம். சென்னைப் புறநகர், ஸ்டில்ட்டும் நான்கு மாடியும், மொத்தம் 20,000 சதுர அடி. சதுர அடிக்கு 4 கிலோ கம்பி என்ற வாய்க்கணக்குப்படி 80 டன் கம்பி வரும். ஸ்லாப், பீம், தூண் எல்லாம் ரெடிமிக்ஸ், அதாவது ஆலையில் கலந்து வண்டியில் வரும் கான்கிரீட். கட்டு வேலையும் பூச்சும் சைட்டிலேயே கலப்பது. இந்த அளவு வேலைக்குத் தனியாகத் தரக் கட்டுப்பாட்டு இன்ஜினியர் வைக்க மாட்டார்கள். ஒரு சூப்பர்வைசரும் கேட்டில் நிற்கும் ஸ்டோர் ஆளும் செய்யக்கூடியதாக இருந்தால்தான் முறை ஓடும்.

ஆர்டர் தாள்

"நல்ல எம்-சாண்ட் 4 யூனிட் அனுப்புங்க" (யூனிட் என்றால் 100 கன அடி) என்று வாட்ஸ்அப்பில் போட்டால், எது நல்லது என்பதைச் சப்ளையர்தான் முடிவு செய்வார். திருப்பி அனுப்ப வேண்டுமானால் எதை மீறியதால் திருப்புகிறோம் என்பது எழுத்தில் முன்பே இருக்க வேண்டும். எம்-சாண்டுக்கு இவ்வளவு போதும்: ஐ.எஸ் (இந்தியத் தர நிர்ணயம்) 383:2016 படி, இரண்டாம் மண்டலம் (மணலின் பருமன் வகுப்பு), வி.எஸ்.ஐ எனும் செங்குத்துத் தண்டு கிரஷர் இயந்திரத்தில் உடைத்துக் கழுவியது, 75 மைக்ரானுக்குக் கீழே உள்ள தூள் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது, எந்த கிரஷர் என்று பெயரோடு, கிரஷரோ குவாரியோ மாறினால் புது சாம்பிள் பாஸ் ஆன பிறகே லோடு.

ஐ.எஸ் 383 உடைத்த மணலுக்கு 75 மைக்ரான் தூளை 15 சதவீதம் வரை அனுமதிக்கிறது. அப்படியிருக்க 10 என்று ஏன் எழுத வேண்டும்? மிக்ஸ் டிசைனில் (கலவை விகிதத்தை முடிவு செய்யும் சோதனையில்) ஓட்டிப் பார்த்த மணலில் 8 சதவீதம் தூள் இருந்து, வருகிற லோடில் 14 இருந்தால், ஐ.எஸ் கணக்கில் அது பாஸ்தான். ஆனால் அதே ஸ்லம்ப் (கான்கிரீட்டின் இளக்க அளவு) வர கூடுதல் தண்ணீர் கேட்கும், மேஸ்திரியும் ஊற்றுவார். நமக்கு வேண்டியது முதல் லோடும் ஐம்பதாவது லோடும் ஒன்றுபோல இருப்பது. அதற்கு ஐ.எஸ் வரம்பு மட்டும் போதாது.

ஒவ்வொரு ஆர்டரிலும் மூன்று வரி சேர வேண்டும். ஒன்று, திருப்பும் லோடின் வண்டி வாடகை சப்ளையருடையது. இரண்டு, லேபை வாங்குபவர் தேர்ந்தெடுப்பார். டெஸ்ட் ஃபெயில் ஆனால் கட்டணம் சப்ளையருடையது. மூன்று, கேட்டில் செக் செய்ய 45 நிமிடம் வண்டி நிற்கும், அதற்குக் காத்திருப்புக் கட்டணம் கிடையாது. மூன்றாவது வரி இல்லாவிட்டால் மற்ற இரண்டும் ஏட்டுச் சுரைக்காய்தான். டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்தால் ஸ்டோர் ஆள் கதவைத் திறந்துவிடுவார்.

ஒப்புக்கொண்ட சாம்பிளில் 5 கிலோவைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட சீட்டு ஒட்டி கேட்டிலேயே வைத்துவிடுங்கள். நிறமும் பொடியும் மாறியிருப்பதை ஸ்டோர் ஆள் பக்கத்தில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். பாதி வாக்குவாதம் அந்த ஜாடியைக் காட்டியதும் அடங்கும்.

கேட்டில் இருக்க வேண்டிய சாமான்

4.75, 2.36, 1.18 மி.மீ சல்லடைகள், 600, 300, 150, 75 மைக்ரான் சல்லடைகள். ஒரு கிராம் காட்டும் 5 கிலோ தராசு, 100 கிலோ தொங்கு தராசு, 250 மி.லி அளவுக் குழாய், வாணலி, கேஸ் அடுப்பு, வெர்னியர், ஸ்லம்ப் கோன், குறைந்தது 18 கியூப் மோல்டு (உடைத்துப் பலம் பார்க்கும் கான்கிரீட் கனசதுரத்துக்கான அச்சு). இவற்றோடு 2 அங்குல பிவிசி குழாய் 5 அடி, ஒரு முனை சாய்வாக வெட்டியது. மொத்தத்தில் மலிவானது அந்தக் குழாய்தான். அதிகம் வேலை செய்வதும் அதுதான்.

எம்-சாண்ட்

லோடின் மேல்பகுதி கண்ணுக்குக் காட்ட. கழுவின மணலை மேலே பரப்பி, அடியில் கிரஷர் டஸ்ட்டை வைத்து அனுப்புவது பழைய வித்தை. டிப்பர் மேல் ஏறி, சாய்வாக வெட்டிய குழாயை நான்கு மூலைக்கு அருகிலும் நடுவிலும் அடிவரை இறக்கி, உள்ளங்கையால் மேல் வாயை அடைத்து உருவினால் அடி மணல் அப்படியே வரும். ஈரமணலில் தங்கும், காய்ந்த மணல் கொட்டிவிடும், அப்போது ஒரு அடி ஆழம் தோண்டித்தான் எடுக்க வேண்டும். ஐந்து இடத்து மணலையும் தார்ப்பாயில் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பங்கு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி கலந்து பிரித்து, 2 கிலோ வரும்வரை குறைக்கவும்.

முதலில் தூள். வாணலியில் வறுத்து ஆறவைத்த மணலில் 500 கிராம் எடுத்து, 75 மைக்ரான் சல்லடைக்கு மேல் 1.18 மி.மீ சல்லடையைக் காவலுக்கு வைத்து, கீழே வரும் தண்ணீர் தெளியும்வரை கழுவவும். இரண்டு சல்லடையிலும் நின்றதை வறுத்து நிறுக்கவும். 448 கிராம் இருந்தால் தூள் 52 கிராம், அதாவது 10.4 சதவீதம். ஆர்டர்படி இது தாண்டிவிட்டது. 75 மைக்ரான் சல்லடையைக் கையால் தேய்க்கக் கூடாது. வலை விரிந்துவிட்டால் பிறகு எல்லா லோடும் ஃபெயில் காட்டும்.

ஆற்றுமணல் காலத்து ஜாடி டெஸ்ட், அதாவது உப்புத்தண்ணீரில் குலுக்கி 3 மணி நேரம் வைத்து வண்டல் அடுக்கை அளப்பது, எம்-சாண்டுக்கு முழுத் தீர்ப்பு சொல்லாது. அதில் படிவது பெரும்பாலும் கல்தூள், களிமண் இல்லை. கல்தூள் ஓரளவு இருந்தால் கான்கிரீட்டுக்குக் கெடுதல் கிடையாது, பம்ப்பில் தள்ளுவதற்கு உதவவும் செய்யும். களிமண் அப்படியில்லை, தண்ணீரைக் குடிக்கும், சுருக்க விரிசல் தரும், கல்லோடு சிமெண்ட் ஒட்டவிடாது. ஜாடியில் பார்க்க வேண்டியது அடுக்கின் உயரத்தைவிட, மேலே நிற்கும் தண்ணீரை. பழுப்பாக மாறி, மணிக்கணக்கில் தெளியாமல் கலங்கலாகவே நின்றால், குவாரியில் மேல்மண் நீக்காமலே கல்லை கிரஷரில் போட்டிருக்கிறார்கள், இல்லையென்றால் கழுவும் தொட்டியின் சேற்றுத்தண்ணீரையே திருப்பித் திருப்பி விடுகிறார்கள் என்று சந்தேகப்படலாம். அந்த லோடு உள்ளே வரக் கூடாது.

அடுத்தது அளவுப் பிரிவு. ஏழு சல்லடையும் தினமும் போட முடியாது. தினசரி 600 மைக்ரான் ஒன்று போதும்: இரண்டாம் மண்டலத்துக்கு அதன் வழியே போவது 35 முதல் 59 சதவீதம். வாரம் ஒருமுறை முழு சல்லடையும் போட்டு ஃபைன்னெஸ் மாடுலஸ் (மணலின் பருமனைச் சொல்லும் ஒற்றை எண்) பார்க்கவும். டிசைனில் வந்த எண்ணிலிருந்து 0.2க்கு மேல் விலகினால் கிரஷரில் ஏதோ மாறியிருக்கிறது. வி.எஸ்.ஐ-யின் தேய்மானப் பாகம் தேய்ந்திருக்கும், சல்லடை கிழிந்திருக்கும், இல்லை வேறு கிரஷர் மணல் கலந்து வருகிறது. போன் போட்டுக் கேட்டால் காரணம் வந்துவிடும், நம் கையில் எண் இருந்தால்.

பிறகு ஈரம். 1,000 கிராம் ஈரமணல் வறுத்த பிறகு 945 கிராம் ஆனால், காய்ந்த எடையில் ஈரம் 5.8 சதவீதம். மணலே உள்ளே உறிஞ்சி வைத்துக்கொள்வது 2.5 என்று லேப் சொன்னால் மிச்சம் 3.3. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் 750 கிலோ மணல் போனால் இது ஏறக்குறைய 25 லிட்டர் தண்ணீர். 350 கிலோ சிமெண்டுக்கு 168 லிட்டர் என்று டிசைன் செய்த 0.48 தண்ணீர்-சிமெண்ட் விகிதம், யாரும் ஒரு குவளை கூட ஊற்றாமலே 0.55 ஆகிவிடும். மழைக்காலத்தில் கான்கிரீட் ஃபெயில் ஆனால் சிமெண்ட் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஈரம் பணத்தையும் தின்னும். ஈரமணல் உப்பும். ஒரு டப்பாவில் மணலைத் தளர்வாகப் போட்டு உயரம் அளந்து (200 மி.மீ என்போம்), கொட்டிவிட்டு, அதே டப்பாவில் பாதி தண்ணீர் வைத்து, அதே மணலைப் போட்டுக் கம்பியால் குத்திவிட்டு மறுபடி அளந்தால் 165 வரும். 200-ஐ 165-ஆல் வகுத்தால் 1.21, அதாவது 21 சதவீத உப்பல். யூனிட் கணக்கில் வாங்கினால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு காற்றுக்குக் காசு கொடுக்கிறோம். ஆகவே எடைமேடை வைத்து டன் கணக்கில் வாங்கி, அன்றைய ஈரத்தைக் கழிப்பதே நியாயமான கணக்கு. எடைமேடையும் சப்ளையர் காட்டுவதாக இருக்கக் கூடாது.

யூனிட் கணக்கே என்றால் வண்டியின் தொட்டியை அளக்க வேண்டும். 14 அடி நீளம், 7 அடி அகலம், 4 யூனிட் என்று பில். நடுவில் கும்பமாக 4.4 அடி இருக்கும். டிரைவர் அங்கேதான் டேப்பை வைப்பார். நான்கு மூலைக்கு அருகே குத்திப் பார்த்தால் 3.7, 3.6, 3.8, 3.75. ஐந்தின் சராசரி 3.85. 14 × 7 × 3.85 = 377 கன அடி, 3.77 யூனிட். கால் யூனிட் வழியில் காணாமல் போயிருக்கிறது. முதல் லோடு வரும்போது காலி வண்டியின் உள்ளளவையும் எடுத்து வைக்கவும். அடியில் பலகை அடித்து உயர்த்திய வண்டியை வெளியிலிருந்து அளந்தால் தெரியாது.

தமிழ்நாடு பொதுப்பணித் துறை எம்-சாண்ட் ஆலைகளை மதிப்பிட்டுச் சான்று தருகிறது. அந்தச் சான்று உள்ள ஆலையில் வாங்குவது நல்ல தொடக்கம், அவ்வளவுதான். சான்று ஆலைக்கு, வருவது லோடு. இடையில் ஏஜென்ட் இருந்தால் ஆலையின் நடைச்சீட்டில் உள்ள வண்டி எண்ணும் நேரமும் கேட்டில் நிற்கும் வண்டியோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பார்க்கவும்.

பூச்சுக்கு வரும் பி-சாண்ட் தனிச் சரக்கு. எம்-சாண்டைச் சலித்துவிட்டு பி-சாண்ட் என்று அனுப்புவதும், கிரஷர் டஸ்ட்டையே அந்தப் பெயரில் அனுப்புவதும் நடக்கிறது. பூச்சில் மயிர்க்கோடு விரிசல் வந்தால் முதலில் 75 மைக்ரான் தூளைப் பார்க்கவும்.

ஜல்லிக்கு இவ்வளவு பாடில்லை. முக்கால் ஜல்லியில் அரை ஜல்லி எவ்வளவு கலந்திருக்கிறது, கல்லில் தூசி ஒட்டியிருக்கிறதா, தட்டையும் நீளமுமான கல் அதிகமா என்று பார்த்தால் போதும். தட்டை, நீளம் இரண்டும் சேர்ந்து 40 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது ஐ.எஸ் 383:2016. தூசி ஒட்டிய ஜல்லியைக் கழுவாமல் ஏற்க வேண்டாம்.

கம்பி

கம்பியில் முதல் கேள்வி, எந்தக் கணக்கில் பில் போடுகிறார்கள் என்பது. எடைமேடை எடைக்கு பில் என்றால் எடை குறைந்த கம்பி பணத்தைத் தின்னாது, கட்டடத்தைத் தின்னும். எண்ணிக்கைக்கு பில் என்றால் இரண்டையும் தின்னும். ஆகவே எந்தக் கணக்கானாலும் கட்டுக் கட்டாக நிறுக்கவே வேண்டும்.

12 மீட்டர் கம்பியில் 8 மி.மீ கட்டுக்குப் பொதுவாக 10 கம்பி. 120 மீட்டர், மீட்டருக்கு 0.395 கிலோ, மொத்தம் 47.4 கிலோ. ஐ.எஸ் 1786 மொத்த லாட்டுக்கு 10 மி.மீ வரை 7 சதவீதம் ஏற்ற இறக்கம் தருகிறது, 44.1 கிலோவுக்குக் கீழே போனால் திருப்பலாம். 12 மி.மீ கட்டுக்கு 5 கம்பி, 53.3 கிலோ, இங்கே 5 சதவீதம், கீழ் வரம்பு 50.6. 16 மி.மீ மூன்று கம்பி 56.9 கிலோ, கீழ் வரம்பு 54. 20 மி.மீ இரண்டு கம்பி 59.3 கிலோ, 3 சதவீதம்தான், கீழ் வரம்பு 57.5. இந்த நான்கு எண்ணையும் பெயின்டில் கேட்டுச் சுவரிலேயே எழுதிவிடுங்கள். தொங்கு தராசில் கட்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நிறுக்கும்போது நீளத்தையும் டேப் வைத்துப் பார்க்கவும். 12 மீட்டர் என்று வருவது 11.7 இருந்தால் எடைக்குறைவு அங்கிருந்தே வந்திருக்கும். மீட்டர் எடை சரியாக இருக்கலாம்.

எப்போதும் கீழ் வரம்பை ஒட்டியே நிற்கும் கம்பி ஐ.எஸ் படி பாஸ்தான். ஆனால் டிசைனர் 8 மி.மீ-க்கு முழுப் பரப்பை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். தொடர்ந்து 6 சதவீதம் குறைந்தே வரும் சப்ளையருக்கு அடுத்த ஆர்டரில் 3 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்று எழுதிக் கேட்கலாம். பெரிய ஆலைச் சரக்கு கொடுப்பவர் ஒத்துக்கொள்வார்.

கலப்படம் பெரும்பாலும் 8, 10 மி.மீ-இல்தான். ஸ்டிரப்புக்கு (தூண், பீம் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) போகும் கம்பியை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. கட்டின் வெளிப்பக்கம் பிராண்டு கம்பி, நடுவில் உள்ளூர் ரீ-ரோலிங் கம்பி. லாட்டுக்கு ஒரு கட்டையாவது பிரித்து, ஒவ்வொரு கம்பியிலும் பிராண்டும் கிரேடும் பொறித்திருக்கிறதா, மேட்டு வரிகளின் சாய்வு ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்க்கவும். டேக்கில் உள்ள ஹீட் எண்ணும் (ஒரே தடவை உருக்கிய தொகுதியின் எண்) மில் டெஸ்ட் சர்டிபிகேட்டில் உள்ள ஹீட் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். டீலர் ஒரே சர்டிபிகேட்டை ஆறு மாதம் ஜெராக்ஸ் போட்டுக் கொடுப்பது சர்வ சாதாரணம். சி.எம்/எல் என்று தொடங்கும் ஐ.எஸ்.ஐ முத்திரை உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால், உரிமம் உயிரோடு இருக்கிறதா, யாருக்கு, எந்தச் சரக்குக்கு என்று வந்துவிடும்.

லேபுக்கு ஒவ்வொரு விட்டத்திலும் சாம்பிள் போக வேண்டும். எஃப்இ 500டி கிரேடு கம்பி என்றால் ஈல்டு (கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் வலிமை) 500 நியூட்டன்/ச.மி.மீ, இழுவிசை வலிமை 565-க்குக் குறையாமலும் அந்தக் கம்பியின் ஈல்டைவிட 10 சதவீதமாவது கூடுதலாகவும், நீட்சி 16 சதவீதத்துக்குக் குறையாமல். கந்தகம், பாஸ்பரஸ் தலா 0.040, இரண்டும் சேர்ந்து 0.075 சதவீதத்துக்கு மேல் கூடாது. ரிப்போர்ட்டில் ஈல்டு 610 என்று வந்தால் சந்தோஷப்பட வேண்டாம், நீட்சியைப் பார்க்கவும். ஈல்டு ஏறிய கம்பி வளையாமல் முறியும் பக்கம் போயிருக்கலாம். லேப் ரிப்போர்ட்டுக்கு முன்பே ஒரு தகவல் கிடைக்கும்: கம்பி வளைப்பவர் முதலில் வளைக்கும் பத்து ஸ்டிரப்பின் மூலையை வெளிப்பக்கமாகப் பார்த்தால், மேட்டு வரியின் அடியில் வெடிப்பு இருந்தால் தெரியும்.

சிமெண்ட்

மூட்டையில் எந்த வாரம், எந்த ஆண்டு என்று அச்சிட்டிருக்கும். ஆறு வாரத்துக்கு மேற்பட்டதை வாங்க வேண்டாம்; மூன்று மாதம் தாண்டியதை மறு டெஸ்ட் இல்லாமல் பயன்படுத்தவே கூடாது. லோடுக்குப் பத்து மூட்டை நிறுத்துச் சராசரி பார்க்கவும். அடுக்கு பத்து மூட்டை உயரம், அதற்கு மேல் போனால் அடி மூட்டை அழுத்தத்தில் கட்டியாகும்.

மூட்டைக்குள் கையை விட்டால் குளுகுளுவென்று இருக்க வேண்டும், தண்ணீரில் போட்டால் கொஞ்சம் மிதந்து மூழ்க வேண்டும் என்றெல்லாம் இன்றும் சொல்கிறார்கள். ஆலையிலிருந்து நேரே வந்த புது சிமெண்ட் சூடாகத்தான் இருக்கும். இந்த டெஸ்ட்டை வைத்து நல்லதைத் திருப்பி, குடோனில் ஆறிய பழையதை வாங்கிய சைட்டுகள் உண்டு.

உண்மையான தொல்லை, டீலர் வகையை மாற்றி அனுப்புவது. ஓபிசிக்கு (சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட்) டிசைன் செய்த கலவைக்கு பிபிசி (சாம்பல் கலந்த பொசோலானா சிமெண்ட்) வந்தால் 28 நாளில் பலம் வந்து சேரலாம். ஏழாம் நாளில் குறைவாக இருக்கும். ஐ.எஸ் 456 சொல்லும் முட்டுப் பிரிக்கும் நாட்கள், அதாவது 4.5 மீட்டர் வரையிலான ஸ்லாபுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்பதெல்லாம், சாதா ஓபிசிக்குச் சொன்னவை. பிபிசி வந்தது தெரியாமல் மேஸ்திரி ஏழாம் நாள் முட்டைத் தட்டினால் ஸ்லாப் தொங்கும்.

ரெடிமிக்ஸ்

இங்கே கேட்டில் பிடிப்பது பாதிதான், மீதி ஆலையில். முதல் ஆர்டருக்கு முன் ஆலைக்குப் போய்ப் பார்க்க வேண்டியவை: தராசுகளின் காலிப்ரேஷன் சான்று, மணல் பின்னுக்குக் கூரை, ஈரம் எப்படி அளக்கிறார்கள், திரும்பி வரும் கான்கிரீட்டை என்ன செய்கிறார்கள், நம் கிரேடுக்கு இதே சிமெண்ட், இதே மணல், இதே அட்மிக்சர் (கலவையில் சேர்க்கும் ரசாயனம்) வைத்து ஓட்டிய டிரையல் ரிப்போர்ட். திரும்பி வந்த கான்கிரீட்டைப் பற்றிக் கேட்கும்போது முகத்தையும் பார்க்கவும். அரை வண்டி மிச்சத்தின் மேல் புதியதை ஏற்றி அடுத்த சைட்டுக்கு அனுப்பும் ஆலையில் மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தும் பயனில்லை.

வண்டியோடு பேட்ச் (ஒரு தடவை கலக்கும் அளவு) பிரிண்ட்-அவுட் வர வேண்டும். சலான் மட்டும் போதாது. அதில் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் இலக்கு எடை, உண்மை எடை இரண்டும் இருக்கும். அளக்கும் கருவியின் துல்லியம் சிமெண்டுக்கு 2, மணல், ஜல்லி, தண்ணீர், அட்மிக்சருக்கு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ஐ.எஸ் 456. ஆனால் எல்லா பேட்ச்சிலும் இலக்கும் உண்மையும் கிலோ மாறாமல் அச்சு அசலாக ஒத்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். உண்மையான ஆலையில் ஜல்லி கேட் மூடும்போது பத்து இருபது கிலோ கூடக்குறைய விழுந்தே தீரும். சுத்தமான பிரிண்ட்-அவுட் சாஃப்ட்வேர் எழுதியது. முந்தின இரவு மழை பெய்திருக்க, மணலின் ஈரம் 0 என்று அச்சாகியிருந்தாலும் அதே கதை.

ஏற்றிய நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது ஐ.எஸ் 4926. ரிடார்டர் (இறுகுவதைத் தள்ளிப்போடும் ரசாயனம்) போட்டு நீட்டுவதென்றால் அதை டிரையலிலேயே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்; டிரைவர் வாயால் சொல்வதை ஏற்கக் கூடாது. நகருக்குள் கனரக வண்டிக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதால் கான்கிரீட் பெரும்பாலும் இரவில் வருகிறது. அப்போது வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கேட்டில் நிற்பதுதான் நேரத்தைத் தின்கிறது. பம்ப் ஒரு வண்டியைக் காலி செய்ய எவ்வளவு நேரம் என்று பார்த்து, அந்த இடைவெளியில் அனுப்பச் சொல்லவும்.

ஸ்லம்ப் 120 கேட்டிருந்தால் 25 மி.மீ கூடக்குறைய ஏற்கலாம். விதி: 25 மி.மீ அல்லது கேட்ட அளவில் மூன்றில் ஒரு பங்கு, எது குறைவோ அது. 60 கேட்டிருந்தால் 20 மட்டுமே. சாம்பிளை வண்டி முதலில் கக்குவதிலிருந்து எடுக்காமல், கொஞ்சம் விட்டு எடுக்கவும். 165 ஸ்லம்ப் வந்தால், கழுவிய தண்ணீரை டிரம்மில் வைத்துக்கொண்டே ஆலையில் ஏற்றியிருக்கலாம்; அன்றைய முதல் வண்டியில் இது அடிக்கடி நடக்கும். 70 வந்தால் டிரைவர் டேங்கிலிருந்து தண்ணீரைத் திறக்கப் பார்ப்பார். 6 கன மீட்டர் வண்டியில் 60 லிட்டர் விட்டால் கன மீட்டருக்கு 10 லிட்டர், 0.48 விகிதம் 0.51 ஆகும். எம்25-க்கு (28 நாளில் 25 நியூட்டன்/ச.மி.மீ பலம் வர வேண்டிய கிரேடு) மிதமான சூழலில் ஐ.எஸ் 456 வைத்திருக்கும் உச்சம் 0.50. அட்மிக்சர் சேர்க்கலாம், ஆலையின் ஆள் நின்று, அளந்து, சலானில் எழுதி. தண்ணீர் டேங்கின் வால்வில் கேட்டிலேயே ஒரு சீல் கம்பியைக் கட்டிவிட்டால் இந்தப் பேச்சே எழாது.

அளவைச் சரிபார்க்க, வண்டியை நிறைந்தும் காலியாகவும் வெளி எடைமேடையில் நிறுக்கவும். 25,900 கிலோவும் 11,750 கிலோவும் என்றால் கான்கிரீட் 14,150 கிலோ. அடர்த்திக்கு 2,400 என்று பொத்தாம்பொதுவாகப் போடாமல், 150 மி.மீ கியூப் மோல்டை நிரப்பிக் குத்தியபின் உள்ளிருக்கும் எடையைப் பாருங்கள்: 8.2 கிலோ என்றால் 2,430. வகுத்தால் 5.82 கன மீட்டர். பில் 6.

கியூப் எண்ணிக்கை ஐ.எஸ் 456-இல் இருக்கிறது. 5 கன மீட்டர் வரை 1 சாம்பிள், 15 வரை 2, 30 வரை 3, 50 வரை 4. அதற்கு மேல் 50-க்கு ஒன்று கூடும். சாம்பிள் என்றால் 3 கியூப். 42 கன மீட்டர் ஸ்லாபுக்கு 28 நாளுக்கு 12 கியூப், ஏழு நாளுக்குத் தனியாக 6. கியூபில் சலான் எண், வண்டி எண், நேரம் எழுதவும். மாடி வரைபடத்தில் அந்த வண்டி எந்தக் கட்டத்தில் கொட்டியது என்று கலர் பேனாவால் அடைக்கவும். ஃபெயில் ஆனால் மாடி முழுவதையும் சந்தேகிப்பதா, இரண்டு கட்டத்தை மட்டும் துளைப்பதா என்பதை அந்த வரைபடம்தான் முடிவு செய்யும்.

ரிசல்ட்டைப் படிப்பதில் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். எம்25-க்கு நான்கு சாம்பிள்: 26.1, 26.4, 25.8, 26.7. நான்கும் 25-க்கு மேல், பாஸ் என்று ஃபைலில் போட்டுவிடுவார்கள். சராசரி 26.25. ஐ.எஸ் 456 கேட்பது, தொடர்ச்சியான நான்கின் சராசரி கிரேடைவிடக் குறைந்தது 3 கூடுதலாக, அதாவது 28. ஸ்டாண்டர்டு டீவியேஷன் வைத்துப் போடும் 0.825 மடங்கு அதைவிடக் கூடினால் அதுவே வரம்பு. இது ஃபெயில். 31.2, 23.4, 33.8, 29.0 என்று வந்தால் ஒன்று 25-க்குக் கீழே, ஆனால் சராசரி 29.35, எதுவும் 22-க்குக் கீழே இல்லை, பாஸ் ஆகலாம். இந்த இரண்டாவது ரிசல்ட்டைத் தந்த ஆலையின் ஏற்ற இறக்கம் எனக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம்.

சப்ளையரைக் குற்றம் சொல்லும் முன் நம் கியூபைப் பார்ப்பது நியாயம். மூன்று அடுக்கு, அடுக்குக்கு 35 குத்து; 24 மணி நேரம் நிழலில் அசையாமல்; பிறகு தொட்டி. அன்று இரவே பைக்கில் ஏற்றி லேபுக்குக் கொண்டுபோன கியூப் ஆலையைப் பற்றி எதுவும் சொல்லாது. உடைக்கும் முன் நிறுக்கவும். 8 கிலோவுக்குக் கீழே இருந்தால் குத்தியது போதாது. ஒரே சாம்பிளின் மூன்று கியூபில் ஒன்றாவது சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த சாம்பிளே செல்லாது.

உண்மையாகவே ஃபெயில் என்றால் கோர், அதாவது கான்கிரீட்டைத் துளைத்து எடுக்கும் உருளை. குறைந்தது மூன்று, கியூபுக்கு மாற்றிய சராசரி கிரேடில் 85 சதவீதமாவது, எந்த ஒன்றும் 75-க்குக் குறையாமல். இந்தச் செலவு யாருடையது என்பது ஆர்டரில் இருந்தே ஆக வேண்டும்.

சாலிட் பிளாக்

உள்ளூர் யார்டுகள் நேற்று அடித்ததை இன்று ஏற்றுகின்றன. ஒவ்வொரு அடுக்கிலும் அடித்த தேதியைச் சுண்ணாம்பால் எழுதச் சொல்லி, 28 நாள் ஆன அடுக்கிலிருந்து மட்டும் எடுக்கவும். 16 × 8 × 6 அங்குல பிளாக் 24 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 20-க்கு வந்தால் உள்ளே ஓட்டை. இறக்கும்போது உடைவதை எண்ணி பில்லில் கழிப்பது மட்டும் போதாது. நூற்றுக்கு ஐந்துக்கு மேல் உடைந்தால் மீதியும் சரியில்லாத சரக்கு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பதிவேடும் பணமும்

பதிவேட்டில் ஒரு லோடுக்கு ஒரு வரி: தேதி, நேரம், வண்டி எண், சலான் எண், சப்ளையர், ஆலை, பார்த்த எண்கள், ஏற்றது அல்லது திருப்பியது, காரணம், கையெழுத்து. திருப்பிய லோடுக்கு போட்டோ. மாதம் ஒருமுறை சப்ளையர்வாரியாக எத்தனை லோடில் எத்தனை திரும்பியது என்று எடுத்தால், யாருக்கு ஆர்டர் கூட்டுவது, யாருக்குக் குறைப்பது என்பது தானே தெரியும். ஒவ்வொரு சரக்குக்கும் இரண்டு பேரை வைத்துக்கொண்டு எழுபது முப்பதாகப் பிரிக்கவும். ஒருவர் மட்டும் இருந்தால் லோடைத் திருப்பிய அன்று வேலை நிற்கும். வேலை நிற்கும் என்று தெரிந்தால் யாரும் திருப்ப மாட்டார்கள்.

இதில் எல்லாவற்றையும் உடைப்பது பாக்கி. 90 நாள் கடனில் வாங்கும் சைட்டுக்கு லோடைத் திருப்பும் தைரியம் வராது. சப்ளையருக்கும் அது தெரியும். ரொக்க சைட்டுக்கு ஒரு சரக்கு, கடன் சைட்டுக்கு ஒரு சரக்கு என்று பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். சீக்கிரம் பணம் கொடுப்பதாகச் சொல்லித் தரத்தை இறுக்கிக் கேட்பது, விலையை டன்னுக்கு ஐம்பது ரூபாய் அடித்துக் குறைப்பதைவிட லாபம்.

ரெடிமிக்ஸ் பில்லில் 10 சதவீதத்தை 28 நாள் ரிசல்ட் வரும்வரை நிறுத்திவைக்கலாம், ஆர்டரில் எழுதியிருந்தால். ஒன்றைக் கவனிக்க வேண்டும். சப்ளையர் குறு, சிறு தொழிலாகப் பதிந்த உற்பத்தியாளர் என்றால், 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் போக வேண்டும். 28 நாள் அதற்குள் அடங்கும். சிக்கல் வேறிடத்தில்: சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அந்தச் சட்டம் கருதும். 28 நாள் கியூப் அந்தக் கெடுவைத் தாண்டித்தான் உடையும். ஆகவே ஏழாம் நாள் ரிசல்ட் டிரையலில் வந்ததைவிடத் தெளிவாகக் குறைந்தால், எட்டாம் நாளே சலான் எண்களோடு மின்னஞ்சல் போய்விட வேண்டும். 28 நாளில் தேறிவிட்டால் அன்றே ஆட்சேபத்தை விலக்கி, நிறுத்திய பணத்தையும் அனுப்பிவிடலாம்.